ஜூன்ல எடுத்த கை அளவு

இல்ல ரூனார், அது வேணாம். அத எடுத்து அந்தப் பக்கம் வைங்க. கழட்டி மாட்டுற தோட்டாப் பொட்டி எனக்கு ஆகாது. வசதிதான், தெரியும். ஒரு அமுக்கு அமுக்கினா மொத்தமா கைல வந்துடும், சட்டப்பையில போட்டுக்கலாம், நெருப்புக்கிட்ட வந்து உக்காரும்போது துப்பாக்கி காலின்னு எல்லாருக்கும் காட்டலாம். எல்லாம் சரி. மால்ட்டே அதத்தானே வெச்சிருக்கான். போன வருஷம் மொத நாளே, வேட்டைக் குடிசையில சாசேஜ் தட்டு பக்கத்துல பொட்டிய மறந்து வெச்சுட்டு, காட்டுக்குள்ள அவன் எடத்துல வெறுந்துப்பாக்கியோட அரை நாள் நின்னான்ல. என் பொட்டி யார்கிட்டயாச்சும் இருக்கான்னு ரேடியோவுல கேட்டானே, நீங்களும் கேட்டிருப்பீங்க. அதுக்கு அவனுக்கு யாரும் பட்டப்பேரு வெக்கல. எனக்குத்தான் வெச்சாங்க.

காபி வேணாம். சரி, ஊத்திட்டீங்கள்ல, குடுங்க. அந்தக் கதவச் சாத்தினா என்ன, கொசு பிச்சுத் திங்குது.

என்ன பாக்குறீங்க? கையுறையா. ஆமா, ஆகஸ்ட் மாசத்துல கம்பளி வெச்ச கையுறையத் தூக்கிட்டு வந்திருக்கேன். பைத்தியம் இல்ல. காரணம் இருக்கு, சொல்றேன். மொதல்ல சாமானப் பாப்போம்.

இது என்ன, அடியில மூடியே இல்லாதது? ஓ, கட்டைய முழுசா விட்டிருக்கீங்க. தோட்டா மேல வழியா உள்ள போகும், மேல வழியாத்தான் வெளிய வரும். லேசா இருக்கு. கெட்டியாவும் இருக்கு, ஒத்துக்கிறேன். தானாத் தொறக்க இதுல ஒண்ணும் இல்லங்கிறீங்க, அதுவும் சரி. ஆனா யோசிச்சுப் பாருங்க. வேட்டை முடிஞ்சு நெருப்புக்கிட்ட வந்தா துப்பாக்கியக் காலி பண்ணணும். இதுல எப்பிடி காலி பண்றது? போல்ட் கைப்பிடிய இழுத்து இழுத்து ஒவ்வொண்ணா வெளிய தள்ளணும். நான்? மொத்தக் குழுவும் பாக்க, நெருப்புக்கிட்ட நின்னு, போல்ட்ட இழுத்து இழுத்து சுடாத தோட்டாவ வெளிய தள்ளணுமா? இதவிட நானே ஒரு போர்டு எழுதி கழுத்துல மாட்டிக்கலாம். நான் சாகுற வரைக்கும் தண்ணி வருதான்னு கேப்பாங்க.

சிரிப்பா இருக்கா? இல்ல, நீங்க சிரிக்கல. நீங்க அன்னைக்கும் சிரிக்கல. அத நான் மறக்கல.

உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, இது காட்டோட நிக்கல இப்ப. போன வாரம் கடையில பால் எடுத்துட்டு நிக்கிறேன். மால்ட்டே அந்தக் கோடியிலேர்ந்து கைய மேலயும் கீழயும் ஆட்டுறான், அடிபம்புல தண்ணி அடிக்கிற மாதிரி. என்ன அடிபம்பு, தண்ணி வருதாங்கிறான். பில் போடுற பொண்ணு சிரிக்குது. அவ பொறந்ததுலேர்ந்து துப்பாக்கியத் தொட்டதில்ல, அவளுக்குக் கூடக் கதை தெரியுது. வந்தா சொல்றேன், மூஞ்சியக் கழுவிக்கோன்னேன். அதுக்கு மேல அங்க என்ன சொல்றது. பால வெச்சுட்டு வந்துட்டேன்.

இவங்க சொல்றது நடக்காததுன்னு நான் சொல்லல. நடக்கும். கொம்பன், அவ்வளவு பெரிய ஆண் மான், எதிர்ல வந்து நின்னதும் சில பேருக்கு மண்டைக்குள்ள எல்லாம் நின்னு போயிடும். டிரிகரத் தொடாமலே போல்ட்ட இழுப்பாங்க, தள்ளுவாங்க, இழுப்பாங்க, தள்ளுவாங்க. எல்லாத் தோட்டாவும் சுடாமலே தரையில கெடக்கும். கேட்டா எல்லாத்தையும் சுட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க. நம்ம குழுத் தலைவர் ஸ்தூரேயே சின்ன வயசுல பண்ணிருக்காரு. ரெண்டு கிளாஸ் உள்ள போனா அவரே எழுந்து நடிச்சுக் காட்டுவாரு, எல்லாரும் வயித்தப் பிடிச்சுட்டுச் சிரிப்பாங்க. அவரு பண்ணா கதை. நான் பண்ணா தண்டனை. அதுவும் நான் பண்ணவே இல்ல.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவரு என்ன சொல்லப் போறாருன்னு எனக்குத் தெரியும். எங்கம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. எங்க காட்டுப் பங்கு குழுவுல இருக்கு, அதனால என்னை வெளிய தள்ள முடியாது. ஆனா தலைவர் அவரு, யாரு எங்க நிக்கணும்னு அவருதான் சொல்லணும். ரெண்டு வருஷம் துப்பாக்கி இல்லாம நாய் கூட நடக்கட்டும், மரத்தத் தட்டிச் சத்தம் போட்டு மான வெரட்டட்டும், அப்புறம் பாக்கலாம்னாராம். சதுப்பு முனையில என் எடத்த மால்ட்டேக்குக் குடுத்துடலாமாம். கேட்டுக்கங்க, பொட்டிய சாசேஜ் பக்கத்துல வெச்சவனுக்கு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க. பள்ளிக்கூடத்தப் பாதில விட்டவ, கொம்பனையும் பாதில விட்டா. எங்கம்மாகிட்ட, எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து, எங்கம்மா சுட்ட பன்னத் தின்னுட்டே சொன்னாரு.

பள்ளிக்கூடத்த விட்டேன். பிடிக்கல, விட்டேன். அதுல ஒளிக்க என்ன இருக்கு? மரம் அறுக்கிற ஆலையில நிக்கிறேன், பலகை வர வர தரம் பிரிக்கிறேன், யார்கிட்டயும் கை நீட்டல. இந்தத் துப்பாக்கிக்கும் நான்தான் காசு குடுத்தேன், மாமா குடுத்தது அந்தப் பழைய ராணுவத் துப்பாக்கியோட எலும்புக்கூடு மட்டும்தான், மீதி எல்லாம் உங்க கை. ஆனா கொம்பன நான் பாதில விடல. அது மட்டும் இல்ல.

மொத குண்டு கொஞ்சம் பின்னாடி போச்சு. அத அன்னைக்கே நெருப்புக்கிட்ட சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஒரு கையகலம் பின்னாடி. யாருக்கும் போகும், உங்களுக்கும் போயிருக்கு. அதுக்குத்தானே ரெண்டாவது குண்டு இருக்கு. மான் கீழ விழுற வரைக்கும் சுடுன்னு முதல் நாள்லேர்ந்து நமக்குச் சொல்றாங்க. கொம்பன் அப்பிடியே நின்னுச்சு ரூனார். அடிபட்டு, தலையத் தொங்கப் போட்டுட்டு, எனக்கு முழுப் பக்கத்தையும் காட்டிட்டு நின்னுச்சு. ராஸ்க் அதச் சுத்திச் சுத்தி வந்து குரைக்குது. போல்ட்ட இழுத்தேன், தள்ளினேன், குறி வெச்சேன், அழுத்தினேன். டிக். அவ்வளவுதான். வெறும் டிக். திரும்ப இழுத்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. அது திரும்பி என்னைப் பாத்துட்டு நடந்து மரத்துக்குள்ள போச்சு. ஓடல. நடந்துதான் போச்சு.

கீழ பாத்தா அடிமூடி தொங்குது. ஸ்பிரிங் வெளிய நாக்கு மாதிரித் தொங்குது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, மூடிய ஒரு தட்டு தட்டி மூடிட்டேன். வீட்டுல அலமாரிக் கதவு தொறந்து கெடந்தா மூடுவோமே, அப்பிடி. ஏன் மூடினேன்னு இன்னைக்கு வரைக்கும் என்னையே திட்டிக்கிறேன். தொங்கவே விட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல.

அந்த ராத்திரி நான் தூங்கல. அது எங்கயோ ஆத்துக்கு அந்தப் பக்கம் உசுரோட படுத்திருக்கு, வயித்துல என் குண்டோட. அடுத்த நாள் மோப்ப நாய் வெச்சுக் கண்டுபிடிச்சுப் போய் முடிச்சாங்க, கறி பாதி கெட்டுப் போச்சு. ஸ்தூரே திட்டினது எனக்கு வலிக்கல, அது படுத்திருந்ததுதான் வலிச்சுச்சு. அடிபம்புன்னு கூப்பிடுறவன் எவனும் அதப் பத்திப் பேசல, கவனிச்சீங்களா? அவங்களுக்கு மான் ஒரு பொருட்டே இல்ல. தண்ணி வருதாங்கிறதுதான்.

இல்ல, நான் உங்க மேல கத்த வரல. சத்தம் கூடிப்போச்சு. உக்காருங்க.

வளையத்துக்கு வருவோம். டிரிகரச் சுத்தி ஒரு வளையம், விரல் தவிர வேற எதுவும் போய்ப் படக்கூடாதுன்னு. அவ்வளவுதான் அதோட வேலை. நீங்க அத எப்பிடி இழைச்சிருந்தீங்க. மோதிரம் மாதிரி மெல்லிசா. மூடியில சின்னச் சின்னதா லிங்கன்பெர்ரிச் செடியோட இலை செதுக்கி. நான் மொத நாள் அத ஆலைக்குப் படம் எடுத்துட்டுப் போயி எல்லார்கிட்டயும் காட்டினேன் தெரியுமா. போர்க்லிஃப்ட் ஓட்டுறவன் கூட இறங்கி வந்து பாத்தான். நார்வேக்காரங்க எல்லை தாண்டி உங்ககிட்ட வர்றாங்கன்னா சும்மாவா வர்றாங்க. நான் கேட்டது சாதாரணமா ஒண்ணு. நீங்கதான் சொன்னீங்க, பொண்ணு கை, சின்னக் கை, சின்ன வளையம் போட்டா அழகா இருக்கும்னு. மூடியத் தொறக்கிற பொத்தான வளையத்துக்கு உள்பக்கமா வெச்சா வெளிய ஒண்ணும் துருத்தாதுன்னு. சரின்னேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது.

கை அளவு எப்ப எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? இதே சேர்ல உக்காந்திருந்தேன். ஜூன் மாசம். கதவு தொறந்து கெடந்துச்சு, நான் பனியன் போட்டுட்டு வந்தேன். விரல வெச்சு அளந்தீங்க, களிமண்ணுல பதிச்சீங்க, எல்லாம் பண்ணீங்க. வெறுங்கை. ஜூன் மாசத்துக் கை. வேட்டை அக்டோபர்ல.

கையுறையக் கழட்டிட்டுச் சுட வேண்டியதுதானேங்கிறீங்க. சதுப்பு முனையில நீங்க நின்னிருக்கீங்களா? உங்க எடம் பக்கத்துல, வைக்கோல் கொட்டாய். அங்க பின்னாடி பலகைச் சுவர் இருக்கு, காத்து அடிக்காது, நீங்க பிளாஸ்க்க சுவர் மேல வெச்சுக் குடிப்பீங்க. எனக்கு ரெண்டு குட்டை மரம்தான். அன்னைக்கு மூக்குல தண்ணி உறையுற குளிர். விடியலேர்ந்து நிக்கிறேன். கையுறையக் கழட்டினா விரல் இருக்கான்னே தெரியாது, டிரிகர் எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும். எல்லாரும் கையுறையோடதான் சுடுறாங்க. அவங்க வளையத்துல எடம் இருக்கு.

சரி, பேசி என்ன ஆகப் போகுது. இந்தாங்க. கையுறையப் போடுங்க. உங்க கைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பரவால்ல. துப்பாக்கியில இருக்கிறது டம்மித் தோட்டா, நாலு, உள்ள மருந்து கெடையாது, நான்தான் அடைச்சேன், எடுத்து வேணா பாருங்க. போல்ட்டத் தொட வேணாம். எழுந்து நில்லுங்க. காட்டுல நிக்கிற மாதிரி நில்லுங்க. இப்ப நாய் கத்துது, கொம்பன் வருது, நீங்க பொத்தானப் பத்தி நினைக்கல, ஒண்ணப் பத்தியும் நினைக்கல. விரல உள்ள விடுங்க.

கேட்டுச்சா.

இங்க சத்தம் வந்துச்சு, சிமென்ட் தரை. பனியில விழுந்தா சத்தம் வராது. அதுவும் ராஸ்க் அந்தக் கத்து கத்தும்போது.

அசையாதீங்க. கீழ பாருங்க. எங்க கெடக்கு? உங்க ரெண்டு காலுக்கும் நடுவுல. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு, ஒரே குவியலா. உருண்டு ஒண்ணு ஒரு விரக்கடை போயிருக்கு, அது தரை வழவழப்பு. பனியில அதுவும் போகாது, விழுந்த எடத்துல குழி பறிச்சு உக்காந்துக்கும்.

எடுத்துக் குடுங்க. நன்றி. ஒரே வாருல வந்துடுச்சு பாருங்க.

துப்பாக்கிய இங்க விட்டுட்டுப் போகவா? இல்ல. ரெண்டு வாரமா? ஞாயித்துக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. வளையம், மூடி, கட்டை எல்லாத்தையும் புதுசா மாத்தித் தர்றேன், காசே வேணாம்ங்கிறீங்க. ஒரு திருகாணிக்குக்கூட காசு வாங்குறவரு நீங்க. உங்க தங்கச்சி மகன்கிட்டயே வாங்கினீங்க, அவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான். எனக்கு மட்டும் எதுக்குச் சும்மா? மாத்தினதுக்கு அப்புறம் இந்தப் பழைய வளையம் எங்க போகும்? உருக்குற டப்பாவுலயா? அதெல்லாம் வேணாம். நான் நிக்க நிக்க மாத்துங்க, கழட்டினத என் கைல குடுங்க. அது என் சாமான்.

எத மாட்டுறதா. அத முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். மேசை மேல நீங்க பரப்பி வெச்சிருக்கிற எதுவும் இல்ல. மாமாவோட துப்பாக்கியில மொதல்ல ஒண்ணு இருந்துச்சுல, நீங்க கழட்டினது, ஸ்வீடன் ராணுவத்தோட பழைய இரும்பு வளையம். அந்தக் கீழ் டிராயர்ல இருக்கும், நீங்க எதையும் தூக்கிப் போடுற ஆள் இல்ல. அது அசிங்கம்தான். கனம்தான். சுத்தி ஒரு கரண்டிய வளைச்சு ஒட்டின மாதிரி இருக்கும். ஆனா என் கையுறை உள்ள போயிட்டு வெளிய வரும். மூடியத் தொறக்கணும்னா ஒரு தோட்டா மொனைய எடுத்து அடியில அந்த ஓட்டையில வெச்சுக் குத்தணும், அப்பத்தான் நகரும். விரல் பட்டுத் தொறக்காது, அதிர்ச்சியில தொறக்காது, நான் நெனச்சாத்தான் தொறக்கும். மூடி தனியாக் கைல வந்துடும், பனியில தொலைச்சுடுவேங்கிறீங்க. தொலைஞ்சா என் கைலேர்ந்து தொலையட்டும். அத நான் ஒத்துக்கிறேன்.

கட்டையில கொஞ்சம் செதுக்கணும், தெரியும். அந்த வளையம் அகலம், இந்தக் குழியவிடப் பெருசு. பெருசாக்க முடியும், சின்னதாக்கத்தான் முடியாது. நீங்க செதுக்கினா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். இந்த வேலைப்பாடு போயிடுமேன்னு பாக்குறீங்க. போகட்டும். அழகா இருக்கிறதுக்கு வேற துப்பாக்கி செய்ங்க. இது சுடுறதுக்கு.

அன்னைக்கு நெருப்புக்கிட்ட நடந்தத நீங்க எப்பிடி ஞாபகம் வெச்சிருக்கீங்க? நான் எப்பிடின்னு சொல்றேன். நாலு தோட்டாவையும் நீங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து ஸ்தூரே கைல குடுத்தீங்க. அவரு அத மரக்கட்டை மேல வரிசையா நிக்க வெச்சாரு, சோல்ஜர் மாதிரி. எல்லாரும் பாத்தாங்க. ஒண்ணு கூட சுடாதது. நான் சொன்னேன், மூடி தொறந்துடுச்சுன்னு. ஸ்தூரே உங்ககிட்ட கேட்டாரு, ரூனார், நீ செஞ்ச மூடி, தொறக்குமா? நீங்க என் துப்பாக்கிய வாங்கினீங்க. கையுறை போடாம. அடியில உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டினீங்க. நல்லாப் பிடிச்சிருக்கேன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க, அது பொய்யும் இல்ல, நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் மால்ட்டே பம்பு அடிச்சுக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்காம நெருப்புல கட்டையத் தள்ளிட்டு இருந்தீங்க. குளிர்காலம் பாதி வரைக்கும் அத நான் நல்ல மனசுன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்கம்மாகிட்ட கூட சொன்னேன், ரூனார் மட்டும்தான் மனுஷன்னு.

குடிங்க, ஆறிடப் போகுது.

இப்ப அடுத்தது. நகருங்க, வலது பக்கம் நிக்காதீங்க, மேல படும். நாலையும் திரும்ப உள்ள போட்டுட்டேன், மூடி மூடியாச்சு. இப்ப மால்ட்டே சொல்ற மாதிரி, அடிபம்பு. ஒண்ணு. ரெண்டு. மூணு, ஐயோ காபி டப்பா. நாலு.

ஆச்சு. எங்க போச்சுன்னு பாருங்க. போல்ட்ட வேகமா இழுத்தா அது வலது பக்கம் எத்தித் தள்ளும், உங்களுக்கு நான் சொல்லணுமா. ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. ரெண்டு ஒண்ணா விழாது. காலுக்கு நடுவுல ஒண்ணு கூட விழாது.

வேணாம், நீங்க உக்காருங்க, நானே எடுக்கிறேன். அடுப்புக்குப் பின்னாடி ஒண்ணு. மரச்சீவலுக்குள்ள ஒண்ணு. இது பட்டறைக்கு அடியில, முட்டி போட்டாத்தான் கைக்கு எட்டும். எப்ப கூட்டினீங்க இங்க? நாலாவது எங்க. ஆங், கதவுகிட்ட. இத பிப்ரவரில எங்க வீட்டுக்குப் பின்னாடி பனியில செஞ்சு பாத்தேன். ஒரு தடவ இல்ல, சாயங்காலம் பூரா. மூடி தொறந்தா எப்பிடி விழுது, போல்ட்ட இழுத்தா எப்பிடி விழுது. ஒவ்வொண்ணையும் தேடித் தேடிக் குனிஞ்சு இடுப்பு போச்சு. அம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டு என்னடி தொலைச்சேங்கிறாங்க.

எதுக்கு இதெல்லாம் உங்களுக்குக் காட்டுறேனா? ஞாயித்துக்கிழமை நீங்க இத அங்க காட்டணும். குடிசை முன்னாடி, எல்லாரும் இருக்கும்போது. இந்தக் கையுறை, இந்த வளையம், நாலு டம்மி. நான் காட்டினா பள்ளிக்கூடத்த விட்டவ வித்தை காட்டுறான்னு சொல்லுவாங்க. நீங்க காட்டினா ஸ்தூரே வாய மூடுவாரு.

பேரு போயிடும்ங்கிறீங்க. போகலாம். நார்வேக்காரன் ஒருத்தன் ரெண்டு பேரு வராம போகலாம். முப்பது வருஷமா சேத்த பேருங்கிறீங்க. எனக்கும் ஒரு பேரு இருந்துச்சு ரூனார். தூவான்னு. இப்ப கடையில பால் வாங்கப் போனா அடிபம்பு.

கையுறையாலதான் தொறந்துச்சுன்னு என்னால எப்பிடி உறுதியாச் சொல்ல முடியும்ங்கிறீங்களா? இங்க தொறந்துச்சுன்னா அங்கயும் தொறந்துச்சுன்னு அர்த்தம் இல்லையா. சரி. நியாயமான கேள்வி. அன்னைக்குத் தோட்டா எப்பிடிக் கெடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லங்கிறீங்க. பத்து மாசம் ஆச்சு, பனி, அவசரம். இருக்கலாம். எல்லாத்தையும் யாரு ஞாபகம் வெச்சுப்பாங்க.

எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க அங்க வந்தப்ப நான் என் எடத்துல இல்ல. நீங்க பேரச் சொல்லிக் கூப்பிட்ட அப்புறம்தான் வந்தேன். அதுக்கு முன்னாடி, கொம்பன் போன வழியில ரத்தம் இருக்கான்னு பாக்க ஸ்ப்ரூஸ் மரத்து ஓரமாப் போயிருந்தேன். கிளைக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன், உங்க முதுகு தெரிஞ்சுச்சு. என் கால் தடத்துக்கிட்ட நின்னு கீழ பாத்தீங்க. கொஞ்ச நேரம் பாத்தீங்க. அப்புறம் எடுத்து பாக்கெட்ல போட்டீங்க, நாலையும்.

ஒரே ஒரு தடவதான் குனிஞ்சீங்க.

டிராயர நீங்க தொறக்குறீங்களா, நான் தொறக்கட்டுமா?